பேஸ்டக்காவின் கைக்குத் தெரிந்தது

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான அந்தப் பயிற்சி மையத்தில் அவளுக்கு வாய்த்த பெயர் பேஸ்டக்கா. பிள்ளைகளின் தலையில் சென்சார் ஒட்டுவதற்கு முன்னால் பட்டாணி அளவு வெள்ளைப் பசை வைப்பது அவள் வேலை. மூன்றே மூன்று சொல் மட்டும் பேசிக்கொண்டிருந்த ஒரு குழந்தை, நாலாவது சொல்லாக இந்தப் பெயரைச் சொன்னது. அதற்குமேல் மறுபேச்சு ஏது? மையமே ஏற்றுக்கொண்டது. தபால் கொண்டு வருகிறவர்கூட வாசலில் நின்று, "பேஸ்டக்கா கையெழுத்துப் போடுவாங்களா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் அவள் முடி வெட்டும் கடையில் இருந்தாள். சலவைக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில், மூன்று நாற்காலி போட்ட கடை. தலையைத் தொட்டாலே அலறுகிற பிள்ளைகள் சிலர் அங்கே வருவார்கள். கத்தரிச் சத்தம், கழுத்தில் விழும் முடி, போர்த்திய துணியின் உரசல் எல்லாமே அவர்களுக்கு ஊசி. மற்றவர்கள் கையைக் காலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி வெட்டி அனுப்புவார்கள். இவள் அப்படிச் செய்ய மாட்டாள். கடைக்கு விடுமுறை நாளாகப் பார்த்து வரச் சொல்வாள். முதல் நாள் கத்தரியை வெளியில்கூட எடுக்க மாட்டாள். தோளில் கை வைப்பாள், எடுத்துவிடுவாள். அடுத்த தடவை பிடரி, அதற்கடுத்த தடவை காதோரம்.

"இப்ப இங்க தொடப்போறேன். வேணாம்னா கையத் தட்டிவிடு" என்பாள்.

தட்டிவிட்டால் நிஜமாகவே கையை எடுத்துவிடுவாள். அவள் வித்தை அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்ய அந்த வட்டாரத்தில் வேறு ஆள் இல்லை.

மையத்தை நடத்திய டாக்டரம்மா ஒரு விஷயத்தைக் கவனித்தார். தன்னிடம் வரும் பிள்ளைகளில் ஏழெட்டுப் பேருக்கு மட்டும் முடி ஒழுங்காக இருந்தது. மற்றவர்களுக்கு எலி கடித்த மாதிரி இருந்தது. விசாரித்ததில் எல்லோரும் ஒரே கடையைக் கைகாட்டினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை அவரே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, முடி வெட்டிக்கொள்ளாமல் பேசினார்.

"எங்கிட்ட மெஷின் இருக்கு. அத ஓட்டத் தெரிஞ்ச படிச்ச புள்ளைங்க ரெண்டு பேர் இருக்காங்க. ஆனா குழந்தைங்க தலையில கை வைக்க விட்டாத்தானே எல்லாம். நீங்க வர்றீங்களா?"

"எனக்குக் கம்ப்யூட்டர்ல படம் பாக்க மட்டும்தான் மேடம் தெரியும்."

"இங்க வேலையே அதுதான்," என்றார் டாக்டரம்மா.

சேர்ந்த பிறகுதான் அது பாதி உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. சன்னலுக்குக் கனத்த திரை போட்ட சின்ன அறை. ஒரு சாய்வு நாற்காலி, எதிரே பெரிய திரை. பிள்ளையின் உச்சிக்குச் சற்று வலப்பக்கம் ஒரு சென்சார், இரண்டு காதுமடலிலும் கிளிப். மூளையில் ஓடுகிற மெல்லிய மின்னலைகளை ஒரு சின்னப் பெட்டி பிடித்து, பக்கத்து மேசைக் கணினியில் கோடுகளாகக் காட்டும். பிள்ளைக்கு எதிரே அதற்குப் பிடித்த படம் ஓடும். அமைதியும் கவனமும் சேர்ந்திருக்கும்போது வருகிற வகை அலை கூடினால் படம் பளிச்சென்று தெரியும். குறைந்தால் மங்கிவிடும். மங்கலும் வெளிச்சமும் மாறி மாறி வர, படத்தை வெளிச்சமாக வைத்துக்கொள்ளும் வழியை மூளை தானே பிடித்துக்கொள்ளும் என்பது இந்தப் பயிற்சியின் நம்பிக்கை. தடவைக்கு இருபத்தைந்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு தடவை.

"இது வைத்தியமா மேடம்?" என்று முதல் வாரமே கேட்டாள்.

"பழக்கம்னு சொல்லலாம், சைக்கிள் பழகுற மாதிரி. சில குழந்தைங்களுக்கு உதவுற மாதிரி இருக்கு. சிலருக்கு ஒண்ணுமே ஆகல. ஆட்டிசத்துக்கு இது எவ்வளவு தூரம் உதவும்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்கே இன்னும் சரியாப் பிடிபடல. யார் கேட்டாலும் இதையே சொல்லுங்க, கூட்டிச் சொல்லாதீங்க."

அந்த ஒரு பேச்சுக்காகவே அவளுக்கு டாக்டரம்மாவைப் பிடித்துப்போயிற்று.

மூன்றாம் வருஷம் மேனேஜர் வந்து சேர்ந்தாள். வயது எட்டரை. பஸ் டிரைவரின் ஒரே மகள். வீட்டில் செருப்பு கோணலாகக் கிடந்தாலும், அலமாரிக் கதவு ஒரு விரல் திறந்திருந்தாலும், குழாய் சொட்டினாலும் உடனே நடவடிக்கை எடுப்பாள் என்பதால் அப்பா வைத்த பெயர் அது. பேச்சு வரவில்லை. வேண்டியதைப் பட அட்டை காட்டிக் கேட்பாள். அம்மாவுக்குத் தையல் ஆலையில் பகல் வேலை. அதனால் அப்பாதான் டூட்டிக்கு நடுவே சீருடையோடு கூட்டிக்கொண்டு வருவார்.

"அக்கா, மேனேஜர் வந்தாச்சு. அறையெல்லாம் ஒழுங்கா இருக்கா?"

"துடைச்சு வச்சிருக்கேன்ணா. குத்தம் சொல்ல எடமில்ல."

மேனேஜர் உள்ளே வந்து மேசை மேல் இருக்கும் பேனாவைக் கால் அங்குலம் நகர்த்திவிட்டுத்தான் உட்காருவாள். குற்றம் கண்டுபிடிக்க எப்போதும் ஏதாவது மிச்சம் இருந்தது.

தலையைத் தொட விடுவதற்கே நாலு வருகை ஆயிற்று. அது பேஸ்டக்காவுக்குப் பழக்கம்தான். சிக்கல் இரண்டாவது பயிற்சியில் வந்தது. தாடையோ நெற்றியோ இறுகினால் அந்தத் தசையிலிருந்தும் மின்சாரம் கிளம்பும். மூளை அலையைவிட அது பலமடங்கு முரடு. அதை மூளையின் அலை என்று தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இயந்திரத்தில் ஒரு வரம்பு உண்டு. இந்தத் தசை மின்சாரம் (மையத்தில் அதற்குத் 'தசைச் சத்தம்' என்று பெயர்) அதைத் தாண்டினால் படம் நின்றுவிடும். மேனேஜருக்குச் சட்டைக் கழுத்தைச் சவைக்கிற பழக்கம். படம் நின்று நின்று ஓட, அவள் நாற்காலிக் கையை அடித்து அழுது தீர்த்துவிட்டாள்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். "அந்த வரம்பக் கொஞ்ச நாளைக்குத் தளர்த்தி வைங்க. முதல்ல உக்காரப் பழகட்டும். அப்புறம் இறுக்கிக்கலாம்."

அதற்குள் மெஷின் ஓட்டவும் பழகியிருந்த பேஸ்டக்காதான் மவுஸைப் பிடித்துத் தளர்த்தினாள். மேனேஜர் அழுகையை நிறுத்தினாள். சட்டையைச் சவைப்பதும் மெல்ல நின்றது. அப்புறம் அந்த வரம்பு யாருக்கும் நினைவில் இல்லை, ஏனென்றால் வரைபடம் ஏறத் தொடங்கிவிட்டது.

ஐந்தாம் வாரத்திலிருந்து ஒரே ஏற்றம். இருபத்தைந்து நிமிடத்தில் பதினெட்டு நிமிடம் படம் பளிச்சென்று ஓடியது. எட்டாம் வாரம் டாக்டரம்மா அந்தக் கோட்டை அச்செடுத்து மேசையில் விரித்து, கண்ணாடியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார். "இத்தன வருஷத்துல இப்படி ஒண்ணு பாத்ததில்ல." சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் யாருடையது என்று சொல்லாமல் அதைக் காட்டுவதாக முடிவாயிற்று. டிரைவருக்குத் தரையில் கால் பாவவில்லை. "டிப்போ பூரா சொல்லிட்டேன்க்கா, மேனேஜர் மூளைக்கு பர்ஸ்ட் கிளாஸ்னு."

அந்தத் திங்கட்கிழமை, மகளை உட்கார வைத்துவிட்டு வெளியே போகும்போது அவர் போகிறபோக்கில் சொன்னார்: "ஒண்ணுதான் புரியல. ரெண்டு வாரமா காரட், ஆப்பிள், ரொட்டி ஓரம், கடிச்சுத் திங்கிற எதையும் தொட மாட்டேங்கிறா. கரைச்சுக் குடுத்தாத்தான் எறங்குது. புதுசா ஒரு பிடிவாதம்."

"பாக்கலாம்ணா," என்றாள் பேஸ்டக்கா. அதைக் காதில் வாங்கினாளே தவிர மனசில் வாங்கவில்லை.

பாதிப் படத்தில் மேனேஜரின் இடது காதிலிருந்து கிளிப் நழுவியது. படத்தை நிறுத்தினால் கோபம் வரும் என்று, பின்னால் நின்றபடியே பேஸ்டக்கா அதை எடுத்து மாட்டினாள். மாட்டும்போது அவள் நடுவிரல் பிள்ளையின் நெற்றிப்பொட்டில், கண்ணுக்கும் காதுக்கும் நடுவில், பட்டது. கல் போல இருந்தது.

எத்தனை தலைகளைத் தொட்ட கை அது. விரும்பிப் படம் பார்க்கிற குழந்தையின் பொட்டு இப்படி இறுகாது. அழுகையை அடக்குகிறபோது இறுகும், வலியைப் பொறுக்கிறபோது இறுகும். அவள் விரலை எடுக்காமல் திரையைப் பார்த்தாள். படம் வெளிச்சமாக இருந்தது. சற்றுக் கழித்து விரலுக்கடியில் தசை இளகியது. இரண்டு நொடியில் படம் மங்கியது. மறுபடி தசை இறுகியது, படம் பளிச்சென்றது. நாலு தடவை பார்த்தாள். நாலு தடவையும் அப்படியே.

பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடித்தால் படம் வரும் என்று தெரிந்துகொண்டு கடித்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சி முடிந்து பேஸ்டக்கா பசையைத் துடைத்தாள். மேனேஜர் துணியை வாங்கி நாலாக மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை டீயில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்த கணவனிடம் அதைச் சொன்னாள். அவன் லிப்ட் மெக்கானிக். பாதி கேட்கும்போதே தலையாட்ட ஆரம்பித்துவிட்டான்.

"போன மாசம் ஒரு கட்டடத்துல லிப்ட் கதவு மூடவே இல்ல. ஆளே இல்ல, ஆனா ஆள் நிக்கிற மாதிரி திறந்துக்கிட்டே இருக்கு. கடைசியில பாத்தா சென்சார் கண்ணுல சிலந்தி கூடு கட்டியிருக்கு."

"அப்ப சென்சார் பொய் சொல்லுதுன்னு அர்த்தமா?"

"பொய் எங்க சொல்லுது? குறுக்கே ஏதாவது இருக்கான்னு கேட்டோம், இருக்குன்னு சொல்லுது. ஆள் இருக்கான்னு கேட்டதா நாமதான் நெனச்சுக்கிறோம்."

அன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே மையத்தைத் திறந்தாள். கண்ணாடியைப் பார்த்துத் தன் தலையிலேயே பசை வைத்து, கிளிப் மாட்டி, மேனேஜரின் அதே அமைப்பில் படத்தை ஓடவிட்டு உட்கார்ந்தாள். மங்கலாக ஓடியது. பல்லைக் கடித்தாள், பளிச்சென்றது. கடித்தபடி சமையலறையில் கேஸை மூடினோமா என்று யோசித்தாள். கவனம் எங்கோ போயும் படம் அப்படியே வெளிச்சமாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் காதுக்குக் கீழே வலி பிடித்துக்கொண்டது. மேனேஜர் தடவைக்குப் பதினெட்டு நிமிடம் கடித்திருக்கிறாள். காரட்டும் ஆப்பிளும் அப்போதுதான் மனசில் உறைத்தன.

பேஸ்டக்கா சொன்னதை டாக்டரம்மா பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டுக்கொண்டார். முகம் மாறவில்லை, குரல்தான் மாறியது.

"தசைச் சத்தம்னா கோட்டுலயே தெரியுமே. எத்தன வருஷமா பாக்குறேன்."

"கோட்டுல இருக்கிறது உங்களுக்குத்தான் மேடம் தெரியும். நான் கையில பட்டதச் சொல்றேன்."

"சனிக்கிழமைக்கு எல்லாரையும் கூப்பிட்டாச்சு. இப்ப வந்து, முடி வெட்டுற..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். ஆனால் சொல்லாத மிச்சம் பேஸ்டக்காவுக்குக் கேட்டுவிட்டது. "சரி மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய், சுத்தமாக இருந்த சீப்புகளையே மறுபடி கழுவினாள். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பழைய கடைக்காரர் இப்போதும் பார்க்கும்போதெல்லாம் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மதியம் அறைக்கதவு திறந்தது. டாக்டரம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டு வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒட்டுங்க."

பேஸ்டக்கா ஒட்டினாள். படம் மங்கலாக ஓடியது. டாக்டரம்மா பல்லைக் கடித்தார், வெளிச்சம் வந்தது. விட்டார், போயிற்று. மூன்றாவது தடவை கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். படம் யாருமே பார்க்காமல் பிரகாசமாக ஓடிக்கொண்டிருந்தது.

"வரம்பத் தளர்த்தச் சொன்னது நான்தான்," என்றார் கண்ணைத் திறக்காமல்.

"இறுக்கணும்னு ஞாபகம் வச்சிருக்க வேண்டியது நான் மேடம்."

"அத அப்புறம் பங்கு போட்டுக்கலாம். காலைல நான் ஒண்ணு சொல்ல வந்தேன். அது தப்பு." காதிலிருந்து கிளிப்பைக் கழற்றினார். "அவங்கப்பாவ இன்னிக்கே வரச் சொல்லுங்க."

டிரைவர் நின்றபடியே கேட்டார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார்: வரைபடத்தில் ஏறியது மூளையின் அலை இல்லை, தாடைத் தசையின் சத்தம், தவறு எங்களுடையது. அவர் தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"டிப்போல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே," என்றார் முதலில். பேச்சில் கோபம் இல்லை. அதுதான் பேஸ்டக்காவுக்குத் தாங்கவில்லை. பிறகு அவர் நிமிர்ந்தார். "அவ பல்லுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?"

பல் மருத்துவரிடம் அப்பாவையும் மகளையும் டாக்டரம்மாவே கூட்டிக்கொண்டு போனார். மேனேஜர் வாயைத் திறக்க வேண்டும் என்பதற்காகப் பேஸ்டக்காவும் போனாள். "இப்ப கன்னத்தத் தொடப்போறேன்" என்று ஒவ்வொரு இடமாகச் சொல்லிச் சொல்லி முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைவாய்ப் பல்லின் முனைகள் மழுங்கியிருந்தன. தாடை மூட்டு வீங்கியிருந்தது. மூன்று வாரம் மெத்தென்ற சாப்பாடு, முழு ஓய்வு, மூட்டு சரியாகிவிடும் என்றார் பல் மருத்துவர். பிடிவாதம் என்று நினைத்து இரண்டு தடவை தட்டை அவள் முன்னால் நகர்த்தி வைத்ததாக டிரைவர் திரும்பி வரும் வழியெல்லாம் மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமைக் கூட்டம் நடந்தது. டாக்டரம்மா அந்த வரைபடத்தைக் காட்டத்தான் செய்தார். காட்டி, அது என்ன என்பதையும் சொன்னார். இரண்டு குடும்பம் மறுவாரம் வரவில்லை. ஒரு தாத்தா எழுந்து, "அப்ப எங்க பேரனோட கோடு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பத்து நாள் சாயங்காலம் எல்லோருமாக உட்கார்ந்து பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். இன்னும் இரண்டு பிள்ளைகளுடையதில் சந்தேகம் வந்தது. அவர்களின் வீட்டுக்கும் சொல்லி அனுப்பினார்கள்.

இதற்கிடையில் பேஸ்டக்காவை ஒரு நினைப்பு அரித்தது. மேனேஜர் ஏமாற்றவில்லை. இருட்டில் ஒரு கதவு இருக்கிறது, திற என்று பெரியவர்கள் சொன்னார்கள். எந்தக் கதவு என்று சொல்லவில்லை. கைக்குக் கிடைத்த கதவை அவள் திறந்தாள். அது வலித்தது. வலிக்கிறது என்று சொல்ல அவளிடம் அட்டை இல்லை, 'படம்', 'தண்ணீர்', 'வீடு' மட்டும்தான் இருந்தன. அவள் கடிக்கக் கடிக்கச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்து அவள் திரும்பி வந்தபோது மேசையில் புதிதாக இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று 'வலிக்குது', இன்னொன்று 'போதும்'. பேஸ்டக்காவே வரைந்தவை. முகம் கொஞ்சம் கோணல்தான், மேனேஜர் அதைப் பெரிய மனசோடு விட்டுவிட்டாள்.

வரம்பை இறுக்கியாயிற்று. படம் பெரும்பாலும் நின்றே கிடந்தது. முதல் நாள் மேனேஜர் எழுந்து திரையைத் தட்டினாள். இரண்டாம் நாள் 'போதும்' அட்டையை எடுத்து நீட்டினாள், ஆறாவது நிமிடத்திலேயே. பேஸ்டக்கா அந்த நொடியே எல்லாவற்றையும் கழற்றிவிட்டாள்.

"ஆறு நிமிஷந்தானே ஆச்சு," என்றார் டிரைவர்.

"போதும்னுட்டாண்ணா. கேக்கலன்னா அப்புறம் அட்டைக்கு என்ன மரியாதை?"

தாடையை எப்படி இளக்குவது என்று வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஒரு நாள் பேஸ்டக்கா எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து பெரிதாகக் கொட்டாவி விட்டாள். மேனேஜர் பார்த்தாள். இன்னொரு கொட்டாவி. பத்துப் பன்னிரண்டு கொட்டாவிக்குப் பிறகு பேஸ்டக்காவுக்கு நிஜமாகவே தூக்கம் வந்துவிட்டது. அப்போது மேனேஜரின் வாய் மெல்லத் திறந்து, கண்ணில் நீர் வர ஒரு முழுக் கொட்டாவி வந்தது. கொட்டாவி முடிந்து தாடை தளர, பேஸ்டக்காவுக்குப் பின்னால் திரையில் படம் நாலு நொடி ஓடியது. அந்த நாலு நொடி சுத்தமான நாலு நொடி என்று டாக்டரம்மா கோட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

முப்பது தடவை முடிந்தபோது ஏற்றம் இருந்தது, ஆனால் சின்ன ஏற்றம். அறிக்கையில் டாக்டரம்மா இப்படி எழுதினார்: சிறிது மாற்றம் தெரிகிறது, பயிற்சியால்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பள்ளி ஆசிரியை அவள் முன்பைவிடக் கொஞ்ச நேரம் கூட உட்காருவதாகச் சொன்னார். தூக்கத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்றாள் அம்மா. பேச்சு வரவில்லை. ஆனால் 'வலிக்குது' அட்டை வீட்டுக்கும் போனது, பள்ளிக்கும் போனது. முழங்கால் சிராய்ப்பிலிருந்து செருப்பு கடித்தது வரை எல்லாவற்றுக்கும் அது நீண்டது. தட்டுக் கழுவும்போது அம்மா பாடினாலும் நீண்டது என்று டிரைவர் சொல்லிச் சிரித்தார்.

அதோடு நிறுத்திக்கொள்வது என்று வீட்டில் முடிவெடுத்தார்கள். வாரத்தில் அந்த இரண்டு மதியத்தில் ஒன்றை நீச்சல் குளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். கடைசி நாள் டிரைவர் வாசலில் தயங்கி நின்றார்.

"கோபம் இருந்துச்சுக்கா. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒருத்தரும் சொல்லித்தராம, எதச் செஞ்சா படம் வரும்னு தானாக் கண்டுபிடிச்சிருக்கா பாருங்க. அத நெனச்சா..." மேனேஜர் அவர் சட்டைப் பையில் சாய்ந்திருந்த பேனாவை நிமிர்த்திவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பேஸ்டக்கா இன்னும் அதே அறையில்தான் வேலை பார்க்கிறாள். இப்போதெல்லாம் ஒவ்வொரு பயிற்சியிலும் இரண்டு தடவை, படம் ஓடும்போதே, சொல்லிவிட்டு நெற்றிப்பொட்டில் விரல் வைத்துப் பார்க்கிறாள். முதல் நாள் நிரப்பும் படிவத்தில் டாக்டரம்மா இரண்டு கேள்விகளைச் சேர்த்திருக்கிறார்: பல்லைக் கடிப்பதுண்டா, சாப்பாட்டில் சமீபத்தில் மாற்றம் உண்டா.

போன வாரம் ஒரு அம்மா புதிதாக வந்தாள். ஐந்து வயதுப் பையன் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டுப் பேனாவை மூடிய அம்மா, அறையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. இதுக்கப்புறம் இவன் பேசுவானா?"

"அது எனக்குத் தெரியலம்மா. டாக்டரம்மாவுக்கும் தெரியாது, கேட்டா அவங்களே சொல்லுவாங்க," என்றாள் பேஸ்டக்கா. முக்காலியை இழுத்துப் போட்டுப் பையனின் உயரத்துக்கு உட்கார்ந்து, கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டாள். "இன்னிக்கு எதுவும் ஒட்டப்போறதில்ல. இந்த நாற்காலி இவனுக்குப் பிடிக்குதான்னு மட்டும் பாப்போம்."